ஜப்பான் வாள் கட்டுரை: சாணைக்காரரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய வாள் கொல்லரைப் பற்றி வந்த கட்டுரையை முழுசாகப் படித்தேன். படங்கள் அருமை. இன்றைக்கும் அங்கே கையால் வாள் அடிக்கிறார்கள் என்று இங்கே நாலு பேருக்குத் தெரியவைத்ததும் நல்ல காரியம்தான். ஆனால் ஒரே ஒரு மேதை தனியாக உட்கார்ந்து இரும்பை ஆயிரம் முறை மடித்து, அடித்து, தீட்டி, உறை வரைக்கும் தானே செய்து முடிப்பதுபோல எழுதியிருப்பது சரியில்லை. நான் அம்பத்தூரில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் வேலை பார்த்தவன், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் வாய் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆயிரம். மடிப்பது பொதுவாக 10 முதல் 15 தடவைதான். ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்கு இரட்டிப்பாகிக்கொண்டே போகும், பத்தாவது மடிப்பிலேயே 1,024 அடுக்கு வந்துவிடும், குழப்பம் அங்கேதான் நடந்திருக்க வேண்டும். கசடை வெளியே தள்ளவும் கார்பன் எல்லா இடத்திலும் சமமாகப் பரவவும்தான் மடிக்கிறார்கள். உலைக்குள் போய் வரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கார்பன் எரிந்துபோகும், எடையும் குறையும். அளவு மீறி மடித்தால் துவைச்சலே (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்து இறுக்குவது) ஏறாத, கார்பன் போன மெத்தென்ற தேனிரும்புதான் கையில் நிற்கும். ஆயிரம் தடவை என்றால் அதுகூட நிற்காது.

அந்த உருக்கையும் கொல்லர் செய்வதில்லை. தமஹகனே என்று சொல்லப்படும் அந்த உருக்கில் பெரும்பகுதி ஷிமானே மாகாணத்தின் ஒகுயிசுமோவில் உள்ள ததாரா என்ற பழைய பாணிக் களிமண் உலையிலிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அணைந்துபோன உலை அது. ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் 1977இல் அதைத் திரும்ப மூட்டியது. குளிர்காலத்தில் மட்டும்தான் வேலை. ஒரு தடவை பற்றவைத்தால் மூன்று பகல் மூன்று இரவு விடாமல் எரிய வேண்டும். சுமார் 10 டன் இரும்பு மணல், 12 டன் கரி உள்ளே போய்க் கடைசியில் 2.5 டன் கட்டி கிடைக்கும், அதிலும் வாளுக்குத் தேறும் நல்ல உருக்கு ஒரு டன்னுக்கும் குறைவு. கட்டியை வெளியே எடுக்கக் களிமண் உலையையே உடைத்துவிடுவார்கள், அடுத்த தடவைக்கு மறுபடி கட்ட வேண்டும். தூக்கம் கெட்டு, தீயின் நிறத்தைப் பார்த்தே உலையை நடத்தும் அந்தத் தலைமை ஆளைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

கொல்லரின் பெருமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், துவைச்சலில் என்று சொல்வேன். அதைக் கட்டுரை இரண்டே வரியில் முடித்துவிட்டது! அலகின் மேல் களிமண் கலவையைப் பூசுகிறார்கள், கூர்ப்பக்கம் மெல்லிசாக, முதுகுப்பக்கம் தடிமனாக. அப்புறம் பட்டறையை இருட்டாக்கிவிட்டு, இரும்பின் சிவப்பைக் கண்ணால் மட்டும் பார்த்து, ஏறக்குறைய 800 டிகிரி வந்ததும் தண்ணீரில் இறக்குவார்கள். கூர்ப்பக்கம் சட்டென்று ஆறி மார்டென்சைட் என்ற மிகக் கடினமான உருக்காக இறுகும், இறுகும்போது கொஞ்சம் விரியும், முதுகு மெதுவாக ஆறி மெத்தென்று நிற்கும். இந்த வித்தியாசம்தான் வாளுக்கு அந்த வளைவில் பெரும்பங்கைத் தருகிறது, எல்லாவற்றையும் சம்மட்டியால் வளைப்பதாக நினைக்க வேண்டாம். தண்ணீருக்குள்ளேயே கூர் விண்டுவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. எங்களுக்காவது சூட்டை அளக்கத் தெர்மோகப்பிள் இருந்தது, சார்.

சரி, துவைச்சல் முடிந்து கொல்லர் ஓரளவு தேய்த்துக் கொடுத்த அலகைப் பார்த்தால் கூர்ப்பக்கம் நெடுக ஓடுவதாக உங்கள் நிருபர் வர்ணித்த அந்த அலைக்கோடு ஒழுங்காகத் தெரியாது. அதைக் கண்ணுக்குக் கொண்டுவருபவர் சாணைக்காரர். அது தனித் தொழில், தனிப் படிப்பு. சொரசொரப்பான கல்லில் தொடங்கி நைசான கல்லுக்கு மாறி மாறிப் போய், கடைசியில் நகத்தளவு மெல்லிய கல் துண்டைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்து வாரக்கணக்கில் தேய்க்கிறார்கள். மோசமான சாணை நல்ல வாளின் வடிவத்தையே கெடுத்துவிடும். ஜப்பான் அரசு 1997இல் அமாதா அகித்சுகு, ஓசுமி தோஷிஹிரா என்ற இரண்டு கொல்லர்களை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்தது. அதே மரியாதையை 2014இல் ஹோனாமி கோஷூ என்ற சாணைக்காரருக்கும் கொடுத்தது. அந்த நாட்டு அரசுக்குத் தெரிந்தது நம் கட்டுரையாளருக்குத் தெரியாமல் போனதில்தான் எனக்கு வருத்தம்.

உறை செய்பவரும் வேறு ஆள். மக்னோலியா மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து, சோற்றுப் பசையால் ஒட்டுகிறார். ஏன் சோற்றுப் பசை என்றால், நாளைக்கு உள்ளே துரு கண்டால் உடையாமல் பிரித்துச் சுத்தம் செய்யலாம். அலகின் அடியில் மாட்டும் உலோக வளையத்துக்கு இன்னொருவர், கைப்பிடிக்கு நாடா சுற்ற இன்னொருவர்.

'ஆர்டர் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்' என்று வியந்திருந்தீர்கள். இதற்கு அரசு விதியும் ஒரு காரணம். போரில் தோற்ற பிறகு அங்கே வாள் செய்யவே தடை இருந்தது, 1953இல்தான் உரிமம் பெற்ற கொல்லர்களுக்கு வழி திறந்தது. உரிமம் வேண்டுமென்றால் ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவரிடம் நாலைந்து வருடம், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், எடுபிடியாக இருந்து தேற வேண்டும். தேறிய பிறகும் நீள வாள் என்றால் மாதம் 2தான், கையில் எத்தனை ஆர்டர் இருந்தாலும் சரி. மரபுப்படி செய்யாத வாளைப் பதிவு செய்யவே முடியாது. இங்கே இணையத்தில் 'ஒரிஜினல் ஜப்பான்' என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் விற்கும் சாமானை அந்த நாட்டில் ஒருவரும் வாள் என்று பதிந்து தரமாட்டார்கள். விதி கடுமைதான், பையன்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குவதற்கும் அது ஒரு காரணம். ஆனால் மட்டமான சரக்கு உள்ளே நுழையாமல் காத்ததும் அதே விதிதான் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒன்று. முதல் பக்கப் படத்தில் வாளைத் தாங்கியில் கூர் கீழே பார்க்கும்படி வைத்துக் 'கட்டானா' என்று போட்டிருக்கிறீர்கள். கட்டானாவைக் கூர் மேலே பார்க்கத்தான் இடுப்பில் செருகுவார்கள், தாங்கியிலும் அப்படியே வைப்பார்கள். கூர் கீழே பார்க்க வைப்பது அதற்கு முந்தைய தாச்சி வகையை. படம் திருப்பி அச்சாகிவிட்டதா, இல்லை அது தாச்சியேதானா என்று அடுத்த வாரம் ஒரு வரி போட்டால் நல்லது.

இப்படிக்கு,
அம்பத்தூர் வாசகர் ஒருவர்