குழந்தைத் திருமணத்தை நிறுத்தும்போது, எழுதி வாங்குவதோடு விடாமல் நீதிமன்றத் தடையாணையும் பெறக் கோரும் மனு

அனுப்புநர்: கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு உறுப்பினர்கள்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

ஐயா,

வணக்கம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் வந்ததும் சமூக நலத்துறையும் காவல்துறையும் மண்டபத்துக்கே போய்த் திருமணத்தை நிறுத்துகின்றன. 18 வயது முடியும்வரை கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள். அந்தத் தாளை மீறி நடந்த திருமணம் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதனால்தான் சில நாட்களில் பக்கத்து மாவட்டக் கோயிலில் விடியற்காலையில் தாலி ஏறிவிடுகிறது.

2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 13ஆம் பிரிவின்படி, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெறலாம். அவசரமென்றால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு தராமலே இடைக்காலத் தடை கிடைக்கும். தடையை மீறி நடக்கும் திருமணம் 14ஆம் பிரிவின்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. தடை வாங்காமல் விட்டால், பெரும்பாலும் அந்தப் பெண்ணே 20 வயது முடிவதற்குள் நீதிமன்றம் ஏறி ரத்து கேட்கவேண்டும். கைக்குழந்தையோடு மாமியார் வீட்டில் இருப்பவள் யார் துணையோடு போவாள்?

எனவே, நிறுத்தப்படும் ஒவ்வொரு திருமணத்திலும் மாவட்ட சமூக நல அலுவலர் அடுத்த வேலை நாளுக்குள் தடையாணைக்கு மனு செய்யத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறோம். ஆணையின் நகல் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரு தரப்பு ஊர்க் காவல் நிலையங்களுக்கும் போகவேண்டும். ஒன்றுக்கு மட்டும் போனால் ஊர் மாற்றி நடத்திவிடுகிறார்கள்.

வயதுக்கு ஆதாரை ஏற்கக்கூடாது. முதலில் பள்ளிச் சான்றிதழ், இல்லையேல் உள்ளாட்சிப் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்பு வயதுப் பரிசோதனை. அந்தப் பரிசோதனையில் ஓரிரு ஆண்டு முன்பின் ஆகும்.

"எங்க பிள்ளை, எங்க முடிவு" என்று பெற்றோர் சொல்வதை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. மகள் யாரோடாவது போய்விடுவாளோ என்ற பயத்திலேயே பலர் அவசரப்படுகிறார்கள். படிப்பு, வழிபாடு, வீட்டுக் கட்டுப்பாடு அவர்கள் பொறுப்பு. ஆனால் 16 வயது உடம்பு சுமக்கப்போகும் பிரசவத்தை அவர்கள் தீர்மானிக்க முடியாது. ஆகவே சிறுமியைப் பெற்றோர் இல்லாமல் தனியே விசாரித்து, சிறார் பாதுகாப்பு குறித்து முடிவெடுக்கும் அரசு அமைப்பான குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தவேண்டும். வீட்டுக்குப் போக அவள் அஞ்சினால், அன்றே பாதுகாப்பான தங்குமிடமும், பிறகு அரசு விடுதியில் இடமும் வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்பதைப் பெற்றோரிடம் அப்போதே சொல்லவேண்டும்.

கோடை விடுமுறைக்குப்பின் பள்ளிக்குத் திரும்பாத 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவிகளின் பட்டியலை, ஜூன் மாதத்திலேயே தலைமையாசிரியர்களிடம் பெற்றுத் தரவும் வேண்டுகிறோம். வீடு வீடாகப் போய்ப் பார்க்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்