தொண்ணூற்றெட்டு வீதம்

ஆரையம்பதி

அன்புள்ள மச்சான்,

மகளின் கல்யாணப் படங்கள் வந்து சேர்ந்தன. வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். மாப்பிள்ளை வேட்டியோடு கொஞ்சம் மல்லுக்கட்டுகிறார் போல, ஆனால் முகத்தில் நல்ல களை. இங்கே பெரிய புதினம் ஒன்றுமில்லை. இந்த முறை மாரி கூடிப்போய் படுவான்கரைப் பக்கம் நிறைய வயல்கள் தண்ணீருக்குள். எனக்குச் சீனி வருத்தம், அதைப்பற்றி எழுதினால் கடிதம் டொக்டருக்குப் போகிற கடிதமாகிவிடும்.

போனில் பாதியில் அறுந்த கதைக்கு வருகிறேன். மருமகன் வந்தாறுமூலைக் கம்பஸில் கடைசி வருஷம். வகுப்பு வாசலில் கமெரா வைத்து, பிள்ளைகள் வர வர முகத்தைப் பார்த்து வரவு பதிகிற புரொஜெக்ட் செய்கிறான். 98 வீதம் சரியாகச் சொல்கிறதாம். நீ கேட்டவுடன் கெட்டிக்காரன் என்றாய். கெட்டிக்காரன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆராய்ச்சி வேறு, அதை யார் எதற்குப் பாவிக்கிறார்கள் என்பது வேறு என்றாயே, அந்த இடத்தில்தான் எனக்கு உன்னோடு ஒத்துவரவில்லை.

ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டியை நீ மறந்திருக்க மாட்டாய். யுத்தகாலச் சுற்றிவளைப்பு நாட்களில் இராணுவத்தினர் ஊர் ஆம்பிளைகளை எல்லாம் வெயிலில் இருத்தி, ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நடக்க விடுவார்கள். உள்ளே சாக்கால் முகம் மூடிய ஒருவன். தலை அசையாவிட்டால் வீடு, அசைந்தால் வேறு இடம். 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, அதே வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாக இருந்த சனத்தை முகமூடி போட்டவர்களுக்கு முன்னால் நிறுத்தி 158 பேரைக் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அந்தத் தலைகள் எத்தனை வீதம் சரியாக ஆடின என்று கேட்பதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? நூறு வீதம் பிழையே விடாத தலையாட்டி வந்திருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்குமா?

உன் கொம்பியூட்டர் துறைக்காரர்கள் பிழையின் அளவை மட்டுமே பார்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஜோய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண்கள் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். படத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பனிகளின் மென்பொருட்களைச் சோதித்தார்கள். வெள்ளைத்தோல் ஆண்களில் பிழை மிஞ்சிப்போனால் 0.8 வீதம். கறுத்த பெண்களில் 34.7 வீதம் வரை போனது. பெரிய வேலை அது. ஆனால் அதைப் படித்த பலர் எடுத்துக்கொண்டது என்ன? கறுத்த முகங்களின் படங்களை இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது என்பதைத்தான். நம் முகத்தையும் நன்றாக அடையாளம் காணும், சரி. பிறகு?

2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ரோய்ட் பக்கத்தில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, மனைவி பிள்ளைகளுக்கு முன்னால் வீட்டு வாசலில் வைத்துப் பொலிஸ் பிடித்தது. கடையொன்றில் கைக்கடிகாரம் களவெடுத்தவனின் மங்கலான படத்தை, இவருடைய பழைய ட்ரைவிங் லைசன் படத்தோடு மெஷின் பொருத்திவிட்டது. ஏறக்குறைய முப்பது மணித்தியாலம் உள்ளே வைத்திருந்தார்கள். மெஷின் சொன்னதை ஒரு மனிதன் சரிபார்க்க வேண்டும் என்று விதி எழுதியிருப்பார்கள், ஆனால் மெஷின் தலையாட்டிய பிறகு மறுத்துச் சொல்ல எந்தப் பொலிஸ்காரனுக்கு மனம் வரும்? சாக்குக்குள் இருந்தவனை நாம் திட்டவாவது முடிந்தது.

மருமகன் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் இன்னும் பிள்ளைகளின் படத்தை ஏந்திக்கொண்டு ரோட்டில் நிற்கிறார்களே, அவர்களுக்கு இதே நுட்பம் உதவாதா மாமா என்றான். நல்ல கேள்வி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்தத் தாய்மாருக்குப் பிள்ளையின் முகம் நன்றாகத் தெரியும். கொண்டுபோனவன் யார், கொண்டுபோய் என்ன செய்தான் என்பதைத்தான் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் கமெராவைத் திருப்ப யார் காசு கொடுக்கப்போகிறார்?

முகத்தை விடு, அம்பாறையை எடு. 2018 பெப்ரவரி 26 இரவு, நகரில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் கறிக்குள் கிடந்த மாக்கட்டியைச் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாக வராத கடைக்காரர் பயத்தில் தடுமாறி ஆமென்று சொன்னதை வீடியோ எடுத்தார்கள். கடையும் பள்ளிவாசலும் உடைந்தன. அது வெறும் மாதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார், ஆனால் வீடியோ அதற்கு முன்பே பேஸ்புக்கில் நாடு சுற்றிவிட்டது. சில நாளில் கண்டிப் பக்கத்துத் திகண எரிந்தது, அரசாங்கம் பேஸ்புக்கையே நிறுத்தியது. 2020 மேயில் கம்பனி மன்னிப்புக் கேட்டது. எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்ற அவர்களுடைய கணக்கில் 2017இல் கோபக் குறிக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு பெறுமதி கொடுத்திருந்தார்கள் என்பது பின்னாளில் வெளியே வந்தது. கெட்டவர்கள் கூடி யோசித்துச் செய்த சதி என்று நான் நினைக்கவில்லை. யாரோ ஒரு கெட்டிக்காரப் பெடியன் ஒரு எண்ணைக் கூட்டச் சொன்னார்கள் என்று கூட்டியிருப்பான். அவனுக்கு அம்பாறை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

மாட்டேன் என்று சொன்னவர்களும் உன் துறையில் இருக்கிறார்கள். அமெரிக்கக் கணித அறிஞர் நோர்பர்ட் வீனர் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் எழுதிய அறிக்கையின் பிரதியை, ஏவுகணை வேலை செய்யும் விமானக் கம்பனி ஆராய்ச்சியாளர் ஒருவர் கேட்டபோது தர முடியாது என்று எழுதி, 1947 ஜனவரியில் அதைப் பத்திரிகையிலும் போட்டார். படத்தில் இருக்கும் பொருட்களை நொடியில் கண்டுபிடிக்கும் யோலோ என்ற மென்பொருளை உருவாக்கிய ஜோசப் ரெட்மன், இராணுவப் பயன்பாடும் தனியுரிமைப் பிரச்சினையும் உறுத்துகிறது என்று 2020இல் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். மருமகனின் புரொஜெக்டுக்கு அடியில் ஓடுவதும் யோலோதான். செய்தவர் எழும்பிப் போய்விட்டார், இவன் இப்போதுதான் உட்காருகிறான்.

புரொஜெக்டை விடு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. முகம் கொடுக்க விருப்பமில்லாத பிள்ளைக்குக் கையெழுத்துப் புத்தகம் இருக்க வேண்டும், படிப்பு முடிந்ததும் படங்கள் அழிய வேண்டும், இரண்டையும் அறிக்கையில் எழுது என்றேன். அதற்குப் புள்ளி கிடைக்காது மாமா என்கிறான். நான் சொன்னால் பழைய ஆள் கதை. நீ சொன்னால் கேட்பான். சனி ஞாயிறில் வீட்டில்தான் நிற்பான், உங்கள் காலை நேரம் பார்த்து எடு. அடுத்த மாதம் களுவாஞ்சிகுடித் தம்பி அங்கே வருகிறார், கருவாடு கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்