பாலம் தாண்டி ஒரு பகல் வண்டியை அனுப்புங்கள்

ராமநாதபுரத்தில் கார் ஷோரூம் நடத்தும் உரிமையாளர்களுக்கும், டெஸ்ட் டிரைவுக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கலாம் என்று மதுரையிலும் சென்னையிலும் இருந்து முடிவு செய்கிற கம்பெனி மேலாளர்களுக்கும், வணக்கம்.

போன சனிக்கிழமை பாம்பனிலிருந்து என் தங்கையும் அவள் கணவரும் ஏழு பேர் உட்காரும் வண்டி பார்க்க உங்களில் ஒருவருடைய ஷோரூமுக்குப் போனார்கள். வீட்டில் வயதானவர்கள் ஏறிப் பார்க்க வேண்டும், ஒரு நாள் வண்டியை அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். “டெமோ வண்டி பாலம் தாண்டி வராது மேடம். வேணும்னா பட்டணம்காத்தான் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்று பதில் வந்திருக்கிறது. கூடவே, இந்த மாதத்துக்குள் புக் பண்ணினால் தள்ளுபடி என்று விற்பனையாளர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாராம். தங்கை போனில் சொன்னபோது எனக்குக் கோபம் தாங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே ஒரு ரவுண்டை நம்பித்தான் நான் வண்டி எடுத்தேன்.

எங்களுக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். மல்லிகைப் பதியன் போட்டு விற்கிற குடும்பம். வீட்டில் ஏழு பேர். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. மாதம் ஒரு தடவை சிறுநீரக டாக்டரைப் பார்க்க மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டி வாங்கியதே முக்கியமாக அதற்காகத்தான். ஆனால் டெஸ்ட் டிரைவில் இருந்தது நானும் விற்பனையாளரும் மட்டும். காலை பத்து மணி, நல்ல தார் ரோடு, பன்னிரண்டு நிமிடம். பின் இரண்டு வரிசையும் காலி. வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அன்றைக்கே அட்வான்ஸ் கட்டிவிட்டேன்.

டெலிவரி எடுத்து, சர்ச்சுக்குக் கொண்டுபோய் சாமியாரிடம் மந்திரித்து, வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மாவைத்தான் முதலில் ஏறச் சொன்னோம். வலது காலைத் தூக்கிப் பார்த்தார், வண்டியின் படிக்கு எட்டவில்லை. பிடித்துக்கொள்ளக் கை வைக்க இடம் தேடினார். நடு வரிசைக் கதவருகே, உட்கார்ந்த பிறகு பிடிப்பதற்குத்தான் பிடி இருந்தது, ஏறுகிறவருக்கு எட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை. சேலைக் கொசுவத்தை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் தோளில் ஊன்றி, இரண்டு தடவை எம்பினார். மூன்றாவது தடவை நானும் என் மனைவியும் சேர்ந்து தூக்கி உட்காரவைத்தோம். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வண்டி பார்க்க வந்து நின்றிருந்தார்கள். அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிலிருந்து வண்டியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்திருக்கிறோம். மதுரையில் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, ஸ்டூலை எடுத்துப்போட்டு, அவரை இறக்கி, ஸ்டூலைத் திரும்ப உள்ளே வைப்பதற்குள் பின்னால் ஐந்து வண்டி ஹாரன் அடிக்கிறது. இப்போது ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கே கூப்பிட்டாலும், “நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வீட்ல இருக்கேன்” என்கிறார். சொந்த அண்ணன் பேத்தி கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அவருக்காக வாங்கிய வண்டியே அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டது.

ஒரே ஒரு பகல் அந்த வண்டி எங்கள் வாசலில் நின்றிருந்தால் இது ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மற்றதும் தெரிந்திருக்கும். ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பாதை பொலபொல மணல். முன்சக்கரம் இழுக்கிற வண்டி அது. ஏழு பேர் ஏறினால் பாரம் பின்பக்கம் போய்விடுகிறது, முன்சக்கரத்துக்குப் பிடிமானம் குறைந்து மணலில் சும்மா சுற்றுகிறது. ஆள் இல்லாத வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டிய எனக்கு இது எப்படித் தெரியும்? கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைகளுக்கு ஏசி போய்ச் சேரவில்லை. உச்சிப்புளி வருவதற்குள் சின்னவன் வாந்தி எடுத்துவிடுகிறான். பாம்பன் பாலத்தைச் சொல்லவே வேண்டாம். காற்று வரம்பு மீறினால் ரயிலையே நிறுத்திவைக்கிற இடம் அது. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் உயரமான வண்டியை ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் ஸ்டியரிங் எவ்வளவு இழுக்கும் என்று புரியும்.

பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். சேலையா மாற்றுவதற்கு? தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் சாலை வரி மட்டும் 18 சதவீதம். அதைக் கட்டிப் பதிவு செய்த மறுநாளே அது பழைய வண்டி. என் கடன் முடிய இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அதுவரை அந்த ஸ்டூலோடுதான் போக வேண்டும்.

சாலைப் பாலம் திறந்தது 1988-இல். அதற்கு முன்னால் தீவுக்கு வண்டி வர ரோடு கிடையாது, சரி. இப்போது என்ன தடை? நீங்கள் விற்ற வண்டிகள் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டுகின்றன. விற்கப்போகிற வண்டி மட்டும் ஏன் தாண்டக்கூடாது? சென்னையில் வீட்டு வாசலுக்கே டெமோ வண்டி வருகிறது. எங்களிடம் வாங்குகிற பணம் அதே பணம்தான். எங்கள் மாவட்டத்தைத் தண்ணியில்லாக் காடு என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் எங்களுக்குக் கடைசியில் கொடுத்துப் பழகிவிட்டார்கள். உதிரி பாகம் கேட்டால் மதுரையிலிருந்து வர வேண்டும், நல்ல மெக்கானிக் கேட்டால் மதுரைக்குப் போக வேண்டும். உப்புக் காற்றில் அடிப்பாகம் துருப்பிடிப்பதைப் பற்றி ஷோரூமில் யாராவது தானாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்களா? இப்போது மின்சார வண்டியும் விற்க வருகிறீர்கள். ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று நீங்கள் சொல்வது சோதனைக்கூடத்துக் கணக்கு. நாங்கள் மதுரை போய்த் திரும்பினால் 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மே மாத வெயிலில், ஏழு பேரோடு, ஏசி போட்டுக்கொண்டு எவ்வளவு தூரம் வரும் என்பதைப் பன்னிரண்டு நிமிடத்தில் எப்படிப் பார்ப்பது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்க வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால், வாங்குகிற குடும்பத்துக்கு அவர்கள் வீட்டில், அவர்கள் ரோட்டில், ஒரு பகல் வண்டியைக் கொடுங்கள்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. டெமோ வண்டியைப் பின்னால் விற்க வேண்டும், கிலோமீட்டர் ஏறினால் விலை குறையும். ஆனால் தங்கச்சிமடம் வந்து திரும்பினாலும் நூறு கிலோமீட்டருக்குள்தான். எல்லாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று வண்டி பார்த்து, ஒன்றை முடிவு செய்கிற நிலையில் இருப்பவர்களுக்குக் கொடுத்தால் போதும். லைசென்ஸ் நகல் வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பித் தருகிற டெபாசிட் ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் டிரைவரையே கூட அனுப்புங்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

தங்கை வீட்டில் இன்னும் அட்வான்ஸ் கட்டவில்லை. அவள் மாமியாருக்கும் முழங்கால் வலி. அவர் ஏறி இறங்கிப் பார்த்து, பின்வரிசையில் பிள்ளைகளோடு ஒரு தடவை பாலத்தைத் தாண்டிப் போய்வந்த பிறகுதான் கட்டுவது என்று இருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு பகல் வண்டியைப் பாம்பனுக்கு அனுப்பிவையுங்கள். பெட்ரோல் அவர்கள் போட்டுக்கொள்வார்கள். ஞாயிறு வேண்டாம், பூசைக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமை காலையில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்