மலைப்பாதைத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் கமிட்டியின் அறிக்கை

கமிட்டி உறுப்பினர்கள், உபயதாரர்கள், கைங்கரியத்துக்கு வந்த அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடிவாரப் பிள்ளையார் சன்னதியிலிருந்து மேல்கோயில் வாசல் வரை பாதை வேலை முடிந்துவிட்டது. போன பௌர்ணமிக்கு ஏறிய பலர் இறங்கி வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "இதுல என்னங்க புதுசு? மண்பாதை மண்பாதையாத்தானே இருக்கு?" இந்த அறிக்கையில் பாதி அதற்குப் பதில்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பொதுமக்களை மலையேற விடவில்லை. நம் மலையில் உயிர்ச்சேதம் இல்லை, முருகன் காப்பாற்றினான். ஆனால் முந்தைய கமிட்டி போட்ட சிமெண்ட் படிகளில் நடுப்பகுதி அடியோடு பெயர்ந்துவிட்டது. "இந்தத் தடவை கம்பி கட்டி கான்கிரீட் போடுங்க" என்றுதான் பொதுக்குழுவில் பெரும்பாலானோர் சொன்னார்கள். ஒரு ஒப்பந்தக்காரர் மதிப்பீடும் கொடுத்துவிட்டார். பெயர்ந்த படியைக் கடப்பாரையால் புரட்டிப் பார்த்தோம். சிமெண்ட் கல் மாதிரி இருந்தது, அடியில்தான் மண்ணே இல்லை. மழைத்தண்ணீர் எலிவளை போல் குடைந்துகொண்டு போயிருக்கிறது. அடியில் மண் இல்லாத படிக்குக் கம்பி கட்டினால் அது அந்தரத்தில் தொங்கும், அவ்வளவுதான்.

ஆகவே பணத்தில் பெரும்பங்கை ஆட்களைப் பழக்குவதில் போட்டோம். கமிட்டிக்குள்ளேயே இதற்கு ஒருமனம் இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முதல் வகுப்பு கொட்டும் மழையில் நடந்தது. தன்னார்வலர்களும் கோயில் பணியாளர்களும் குடை பிடித்துக்கொண்டு மலையேறினோம். மண்வெட்டியைத் தொட யாரையும் விடவில்லை. தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது, எவ்வளவு தூரம் பாதை வழியே ஓடுகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து, அந்தந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய கல் வைத்ததுதான் அன்றைய வேலை. பழைய தடம் மலைச்சரிவில் நேர்க்குத்தாக ஏறியது. நேர்க்குத்துத் தடம் நடப்பவனுக்குக் குறுக்குவழி, தண்ணீருக்கு வாய்க்கால். சரிவு பத்தடிக்கு நாலடி இறங்கினால் பாதை பத்தடிக்கு இரண்டடிக்கு மேல் ஏறக் கூடாது. அதாவது சரிவில் பாதிதான் பாதைக்கு. அதை மீறினால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் அதன் வழியாகவே ஓடும். தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்து அளந்து, இரண்டு இடங்களில் தடத்தை வளைத்து வளைத்து ஏற்றியிருக்கிறோம். நாலடி அகலத்துக்கு இரண்டு அங்குலம் பள்ளத்துப் பக்கம் வாட்டம் கொடுத்தோம். நடக்கும்போது காலுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அதோடு பாதை வழியே வரும் தண்ணீர் வெளியேறிவிட, சில இடங்களில் பாதையையே கொஞ்சம் தாழ்த்தி மறுபடி ஏற்றியிருக்கிறோம். வயல்காரர்கள் அதைப் பார்த்ததும் "மடை" என்றார்கள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

செங்குத்தான இடங்களில் மட்டும் சிமெண்ட் இல்லாத கல்படி. பக்கத்து ஊர்க் கல்தச்சர் பெரியவர் கற்றுக்கொடுத்தார். கல்லின் நீளம் மலைக்குள்ளே போக வேண்டும், முகம் மட்டும் வெளியே. மேல்படி கீழ்ப்படியின் முதுகில் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும். இடுக்கில் மண் போட்டால் கரைந்துவிடும், சில்லுக்கல்லை அடித்து இறுக்க வேண்டும். வைத்த கல்லின் நாலு மூலையிலும் ஆளை ஏற்றி ஆட்டச் சொல்வார். "டக்"கென்று சத்தம் கேட்டால், "எடும்மா, மறுபடி வை." கல்லூரி மாணவி ஒருத்தி ஒரே கல்லை ஐந்து முறை எடுத்து வைத்தாள். ஆறாவது முறை சத்தம் வரவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். அதைவிடப் பெரிய பாராட்டை அவரிடம் நாங்கள் யாரும் வாங்கவில்லை.

ஒரு விபத்தையும் பதிவு செய்கிறோம். கடப்பாரையிலிருந்து நழுவிய கல் கீழே நின்ற தன்னார்வலர் காலில் விழுந்து இரண்டு விரல் முறிந்தது. கீழ்ப்பக்கம் ஆள் நிற்க விட்டது கமிட்டியின் தவறு. செருப்புக் காலோடு வேலைக்கு அனுமதித்ததும் எங்கள் தவறே. சிகிச்சைச் செலவைக் கமிட்டி ஏற்றது, கணக்கில் தனி வரியாக இருக்கிறது. அன்று முதல் ஷூ இல்லாதவருக்குக் கடப்பாரை கிடையாது.

உபயம் பற்றி ஒரு வார்த்தை. படிக்குப் பெயர் வெட்டிக்கொள்ளப் பலர் முன்வந்தார்கள். மடைக்கு ஒருவரும் வரவில்லை. கேட்டுப் பார்த்ததற்கு, "எங்கப்பா பேரைத் தண்ணி போற பள்ளத்துலயா எழுதுவீங்க?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கடைசியில் எந்தக் கல்லிலும் பெயர் வெட்டவில்லை. வருத்தப்பட்டவர்கள் மன்னிக்கவும்.

பராமரிப்புக்குப் பாதையை எட்டுத் துண்டாகப் பிரித்திருக்கிறோம். இந்த யோசனை அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பையன் மூலம் வந்தது. அங்கே சுமார் 3,500 கிலோமீட்டர் அப்பலாச்சியன் பாதையை ஏறத்தாழ 30 சங்கங்களின் தன்னார்வலர்கள் இப்படித்தான் பங்கு போட்டுப் பார்த்துக்கொள்கிறார்களாம். ஏரிக்கு நாம் செய்த குடிமராமத்துதான் இது என்று பெரியவர்கள் சொன்னதும் விவாதம் முடிந்தது. தினமும் மேலே போகும் மெய்க்காவலரும் தூய்மைப் பணியாளர்கள் இருவரும் களைக்கொத்தோடு போய் மடை வாயில் சேரும் சருகையும் மண்ணையும் தள்ளிவிடுவார்கள். அதற்குத் தனிக்கூலி உண்டு. சாமி காரியத்துக்குக் கூலியா என்று ஒரு குரல் எழுந்தது, கமிட்டி அதை ஏற்கவில்லை.

வளைவுகளில் குறுக்கே இறங்குவது இன்னும் நிற்கவில்லை. அறிவிப்புப் பலகையை யாரும் படிப்பதில்லை. கல்லும் முள்ளும் போட்டு இரண்டு முனையையும் அடைத்திருக்கிறோம். அதையும் தாண்டிப் போனவர்களில் கமிட்டி உறுப்பினர் ஒருவரும் உண்டு, அவருக்கே தெரியும்.

முடியாமல் நிற்பவை: மூன்றாம் துண்டில் ஒரு மடை ஆழம் போதாமல் தூர்ந்துபோகிறது, தோண்டி மறுபடி அமைக்க வேண்டும். வழுக்குப்பாறைக்குக் கைப்பிடி போடவில்லை. பாதையின் மேல்பகுதி காப்புக்காட்டு எல்லையை ஒட்டுவதால் அந்தப் பக்கம் ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. மற்ற இடங்களில் உண்ணிச்செடியை மட்டும் வேரோடு எடுத்தோம், நிழல் மரங்கள் அப்படியே இருக்கின்றன.

வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது, எந்த உறுப்பினரும் எப்போதும் பார்க்கலாம். ஐப்பசியில் முதல் பெருமழை விழுந்த மறுநாள் காலை 6 மணிக்கு எட்டுத் துண்டுக்காரர்களும் பிள்ளையார் சன்னதியில் கூடவும். மண்வெட்டி கமிட்டி தரும். குடையும் ஷூவும் அவரவர் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர், கமிட்டிக்காக