கோரிக்கை மனு: வயர் வழியும் தாள் வழியும் திறந்திருக்க வேண்டி

அனுப்புநர்
மனுதாரர், பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.
(பெயரும் முழு முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தர்மபுரி.

நகல்: மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள், தர்மபுரி.

பொருள்: வைஃபை, செல்போன் போன்ற கம்பியில்லாக் கருவிகளின் அருகே இருந்தால் உடல் உபாதை வருபவர்களும் அரசு அலுவலகம், மருத்துவமனை, ரேஷன் கடை ஆகியவற்றுக்கு வந்துபோக மாற்று ஏற்பாடு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த டவரையும் அகற்றச் சொல்லி நான் இந்த மனுவை எழுதவில்லை. சில மாதங்களுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தில் மனு கொடுக்கப் போனபோது எனக்கு முன்னால் மலையூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பிரசவ வலி எடுத்தால் 108-ஐக் கூப்பிடக்கூட சிக்னல் கிடைப்பதில்லை, எங்களுக்கு ஒரு டவர் வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். நியாயமான கோரிக்கை. அவர்களுக்கு டவர் கிடைக்கட்டும். நான் கேட்பது அதைவிட ரொம்பச் சின்னது.

அன்று நான் மனுவைக் கொடுக்காமலேயே திரும்பினேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அங்கே இருந்தவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அப்பா இறந்தபின் பட்டா பெயர் மாற்றத்தில் ஒரு சிக்கல், அதற்காகத்தான் போயிருந்தேன். டோக்கன் எண் 47. கூடத்தின் நடுத்தூணில் இரண்டு கொம்பு வைத்த வெள்ளை ரவுட்டர் ஒன்றை பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தார்கள். காத்திருப்போருக்கான நாற்காலிகள் எல்லாம் அதன் அடியில்தான் வரிசையாகக் கிடந்தன. கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பின்மண்டையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஆரம்பித்தது. அப்புறம் காதில் ரீங்காரம், நெஞ்சுப் படபடப்பு, குமட்டல். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே புங்க மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் எண் முதலில் வந்துவிட்டது, அவர் உள்ளே போய்விட்டார். 47 என்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் எழுந்து வருவதற்குள் 50 ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க வெளியே போய் உட்கார்ந்துகிட்டா நாங்க என்னம்மா பண்றது?" என்று கேட்டார் மேசையில் இருந்தவர். அவர் கேட்டதிலும் தப்பில்லை. என்னைப் போல ஒருத்தி வருவாள் என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லையே.

நான் பி.எஸ்சி. படித்தவள். ஒரு தனியார் கணினி மையத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் என்று ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பதிவு செய்வேன். 2019-இல் இந்த உபாதை தொடங்கியது. 2021-இல் வேலையை விட்டேன். ஊரில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். சேலத்தில் நரம்பியல் மருத்துவர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார், மனநல ஆலோசனைக்கும் ஒரு முறை போய்வரச் சொன்னார். போய்வந்தேன். பதற்றம் கொஞ்சம் குறைந்தது, மற்றது குறையவில்லை. இப்போது ஊரைத் தாண்டி எங்கள் கொட்டாயில் இருக்கிறேன். இணையம் உண்டு, ரவுட்டரில் வைஃபையை அணைத்துவிட்டு இருபது மீட்டர் லேன் கேபிள் இழுத்திருக்கிறேன். ஒரு பட்டன் போன் ஜன்னல் மேடையில் கிடக்கும். காலையில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை எடுத்துப் பார்ப்பேன். வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்து சம்பாதிக்கிறேன். வயர் இருந்தால் நானும் மற்றவர்கள் மாதிரிதான்.

இது உண்மையா, மனப் பிரமையா என்று தாங்கள் கேட்கலாம். நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். என் தம்பி ஒரு நாள் எனக்குச் சோதனை வைத்தான். அடுத்த அறையில் ரவுட்டரை அவன் போடுவான், அணைப்பான், எது என்று நான் சொல்ல வேண்டும். பத்து முறையில் ஆறு முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்திருக்கும். வெளிநாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனைகளிலும் இதே கதைதான். கருவி ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாதபடி வைத்துப் பார்த்தபோது, எங்களைப் போன்றவர்களால் அலையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரில் வெளியிட்ட தகவல் குறிப்பிலும் அறிகுறிகளுக்கும் மின்காந்தப் புலத்துக்கும் தொடர்பு காட்ட அறிவியல் அடிப்படை இல்லை என்றுதான் இருக்கிறது. ஆனால் அதே குறிப்பு இன்னொன்றையும் சொல்கிறது: அறிகுறிகள் உண்மையானவை, சிலரை முடக்கிப்போடும் அளவுக்குக் கடுமையாக இருக்கக்கூடும். நான் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த வரியை. காரணம் அலையா, பயமா, ஆறு வருடம் கணினி மையத்தில் உட்கார்ந்து உடம்பு பழகிக்கொண்ட ஏதோ ஒன்றா, அதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். 47-ஆம் எண் கூப்பிடும்போது நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

அளந்து பார்த்தால் என்ன என்று ஒரு வருவாய்த் துறை நண்பர் கேட்டார். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் கட்டணம் கட்டினால் டவர் கதிர்வீச்சை வந்து அளந்து தருவார்கள். அளந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியும், வரம்புக்குள்தான் இருக்கும். 2012 செப்டம்பர் 1 முதல் நம் நாடு டவர்களுக்கான வரம்பை சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஆகவே யாரும் விதியை மீறுகிறார்கள் என்று நான் புகார் சொல்லவில்லை. விதிப்படி எல்லாம் சரியாக இருக்கும் இடத்திலும் என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

நம் மாவட்டத்துக்கு இது ஒரு வகையில் பழைய அனுபவம். அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு கிணற்றுத் தண்ணீரில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பல்லில் காவிக் கறை. ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்று சேர்த்திருந்தார்கள். ஃபுளோரைடுக்கு நிரூபணம் உண்டு, என் உபாதைக்கு இல்லை. அதனால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். கறை பிடித்த பல்லோடு நின்ற பிள்ளையைத் திட்டிய அந்தக் குரல் மட்டும்தான் எனக்கு இப்போதும் கேட்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் அட்டவணையில் 21 வகைகள் இருக்கின்றன, எங்கள் உபாதை அதில் இல்லை. ஆகவே அடையாள அட்டையோ உதவித்தொகையோ பேருந்துச் சலுகையோ நான் கேட்கவில்லை, ஊனம் 40 சதவீதம் என்ற சான்றும் கேட்கவில்லை. ஆனால் அதே சட்டம் பிரிவு 2-இல் மாற்றுத்திறனாளி யார் என்று சொல்லும்போது அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கேற்பதை மறிக்குமானால் அவரும் மாற்றுத்திறனாளிதான் என்கிறது. பிரிவு 3 நியாயமான மாற்று ஏற்பாடுகளை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக்கூடாது என்பது மட்டுமே அதற்கு நிபந்தனை. ஒரு நாற்காலியைத் தள்ளிப் போடுவது சுமை ஆகாது என்று நம்புகிறேன்.

வெளிநாட்டில் யாரும் இதை யோசிக்காமல் இல்லை. அமெரிக்காவில் கட்டடங்களின் அணுகல் விதிகளை வகுக்கும் வாரியம், மின்காந்த உணர்திறன் எனப்படும் இந்த உபாதை ஒருவருடைய அன்றாட வாழ்க்கையைப் பெரிதும் முடக்குமானால் அதையும் ஊனமாகக் கருதலாம் என்று 2002-இலேயே குறிப்பிட்டது. 2015-இல் பிரான்ஸின் துலூஸ் நகரத் தீர்ப்பாயம் ஒரு பெண்ணுக்கு இதற்காக உதவித்தொகை வழங்கியது. அதனால் இது நோய் என்று நிரூபணமாகிவிட்டதாக அர்த்தமில்லை. அந்தப் பெண்ணால் வேலைக்குப் போக முடியவில்லை என்பதைப் பார்த்தார்கள், உதவினார்கள்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். குறைதீர்க்கும் நாள் நடக்கும் இடங்களில் ரவுட்டரிலிருந்து தள்ளி, முடிந்தால் வராந்தாவில், இரண்டு நாற்காலி போட வேண்டும். அங்கே இருப்பவரின் எண் வரும்போது உதவியாளர் ஒருவர் வந்து கூப்பிட வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர்களிடம் அதிகாரிகளே எழுந்து வந்து மனு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன், அந்த வழக்கத்தையே இன்னும் பத்தடி நீட்டினால் போதும். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்தில் செல்போன் இருந்தால் சில சமயம் கருவிக்குள் இரைச்சல் வரும். பேஸ்மேக்கர் வைத்தவர்களிடம் போனை 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குக் கூட்டமும் சத்தமுமே ஆகாது. அந்த இரண்டு நாற்காலிக்கு ஆள் இல்லாமல் போகாது.

இரண்டாவது, தாள் வழி. இன்று எந்த விண்ணப்பமாக இருந்தாலும் செல்போன் எண், ஓடிபி, எஸ்எம்எஸ் என்றுதான் தொடங்குகிறது. நான் ஜன்னலுக்குப் போய் போனை எடுத்துப் பார்ப்பதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிடும். தம்பியின் எண்ணைக் கொடுத்தால், என் மனு என்ன ஆனது என்பது அவனுக்குத்தான் தெரியும். முப்பத்தெட்டு வயதில் என் காரியம் எனக்கு முதலில் தெரிய வேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லையே. நேரில் வந்து கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கவும், பதிலைத் தபாலில் பெறவும் விரும்புகிறவர்களை மறுக்காமல் ஏற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும். ரேஷன் கடையில் முதியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. மருத்துவர் கடிதத்தின் பேரில் எங்களுக்கும் அதை அனுமதிக்க வேண்டுகிறேன்.

மருத்துவமனையைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். போன வருடம் டெங்கு காய்ச்சலில் இரண்டு நாள் சேர்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்த கட்டில் சுவரில் இருந்த ரவுட்டருக்கு நேர் கீழே. இரவு நர்ஸிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் நம்பினாரா இல்லையா தெரியாது. "அவ்வளவுதானே, பிடிங்க" என்று ஆயாவைக் கூப்பிட்டு, குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பியோடு கட்டிலை வார்டின் அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். சக்கரம் ஒன்று மக்கர் பண்ணியது, காலால் ஒரு தட்டுத் தட்டினார். அன்று தூங்கினேன். அந்த நர்ஸ் எந்தச் சட்டத்தையும் படித்திருக்கமாட்டார். அவர் செய்ததை மற்றவர்களும் தயங்காமல் செய்ய, கேட்கிற நோயாளிக்கு ரவுட்டரிலிருந்து தள்ளி ஒரு கட்டில் என்று தங்கள் பெயரில் ஒரு வரி உத்தரவு இருந்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோகும் வேலையை டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் எடுத்திருக்கிறது. கேபிள் வாசல் வரை வந்துவிட்டால் அதன் முனையில் வைஃபை மட்டும் வைக்காமல், வட்டத்துக்கு ஓர் இ-சேவை மையத்திலோ நூலகத்திலோ ஒரு கணினியை லேன் வயரில் இணைத்து ஓரமாகப் போட்டுத்தர வேண்டும். இந்த வேலையை ஆறு வருடம் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: வயரில் ஓடும் கணினி கூட்டம் நெரியும் நாளில் வைஃபையைவிட ஒழுங்காக ஓடும், பதிவு செய்யும் பிள்ளைகளே அதைத்தான் தேடி உட்காருவார்கள்.

விசாரணைக்கு அழைத்தால் நேரில் வருகிறேன். மருத்துவர் கடித நகல் ஒன்றை இணைத்துள்ளேன். அழைப்பை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பாமல் தபாலில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். தபால்காரர் எங்கள் கொட்டாய்ப் பக்கம் செவ்வாயும் வெள்ளியும் வருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: பாலக்கோடு