தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள்

எங்கள் பிரதேச சபையின் தவிசாளர், உறுப்பினர்கள், செயலாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் அனைவருக்கும்,

வணக்கம். போன கிழமை எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் மதகின் வாயில், வளவு உயர்த்தப் போடும் கல்லும் மண்ணும் கலந்த மக்கி மூன்று டிப்பர் கொட்டியிருக்கிறார்கள். புதிதாக வீடு கட்டும் ஒரு வளவுக்கு வந்தது. டிப்பர் உள்ளே திரும்ப இடமில்லை என்று வெளியே பறித்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்னும் இரண்டு வளவுகளில் அத்திவாரம் வெட்டியாகிவிட்டது. ஆவணி முடியப் போகிறது. ஐப்பசி எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன கார்த்திகையில் இந்த ஒழுங்கையில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். மூன்று கடிதம் கையோடு கொண்டுவந்து தந்திருக்கிறேன்.

ஆனாலும் ஒன்றைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதங்களில் அதை “கிணற்று நீர் மாசடைந்துள்ளது” என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அது ஒரு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை.

பக்கத்து வளவு மக்கி போட்டு எங்களுடையதைவிட இரண்டரை அடி உயர்த்தப்பட்டது. முன்பு அங்கு விழும் மழை, பின்வேலியோடு போகும் வாய்க்காலில் இறங்கி மதகுக்குப் போய்விடும். அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே மதில் அத்திவாரம் வந்துவிட்டது. வேலியோரம் மணல் கும்பி, கலவை குழைத்த தகரம், வேலையாட்களுக்கென்று வெட்டிய மலசலகூடக் குழி எல்லாம் திறந்தபடி கிடந்தன. இரவு முழுக்க மழை. எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு தண்ணீர் எங்கள் முற்றத்துக்கு வந்தது. எங்கள் கிணற்றுக் கட்டு பழையது, ஒரு பக்கம் வெடித்திருந்தது. அந்த வெடிப்பால் தண்ணீர் உள்ளே விழுகிற சத்தம் விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

விடிய அம்மா வாளியை விட்டு இழுத்தார். பால் குறைந்த தேநீரின் நிறம். வாளியைக் கட்டில் வைத்துவிட்டு, மண் அடியில் படியுமா என்று பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு சாம்பல் நிறத்தில் சீமெந்துப் பசை படிந்தது, மேல் தண்ணீர் தெளியவே இல்லை. “பிள்ளை, இதில கால் கழுவவும் மனம் வருகுதில்லை” என்றார். 1996இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, கூரை போன வீட்டைப் பார்க்கமுன் அவர் எட்டிப் பார்த்தது இந்தக் கிணற்றைத்தான். இரண்டு தரம் இறைத்தோம், குளோரின் போட்டோம். பத்தொன்பது நாள் சைக்கிளில் கான் கட்டி அயலூரில் தண்ணீர் அள்ளினோம். சபையில் கிடைத்த பதில், “மழை விடட்டும், வந்து பாக்கிறம்.” மழை விட்டது. ஒருவரும் வரவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணையில் எனக்குக் கோபம் இல்லை. 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த வெள்ளம் அவருடைய பழைய வீட்டுக்குள் நின்றது. அப்படிப் பட்டவர் உயர்த்தித்தான் கட்டுவார். அவர் வரைபடம் கீறி, காசு கட்டி, உங்களிடம் அனுமதி எடுத்துத்தான் தொடங்கினார். வீதி நடுவிலிருந்து எத்தனை அடி, ஜன்னல் எத்தனை, மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்றெல்லாம் அவரிடம் கேட்டீர்கள். இந்த வளவில் விழும் மழை எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. என் கோபம் அதில்தான்.

கணக்கு பெரிய கணக்கில்லை. ஒரு பரப்புக் காணியில், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீற்றரில், 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஏறத்தாழ 25,000 லீற்றர். மூன்று பரப்பென்றால் 75,000. கார்த்திகையில் ஒரே நாளில் அவ்வளவு பெய்வது நமக்குப் புதிதில்லை. முன்பு அதில் பெரும்பங்கை மண் குடித்தது, கீழே சுண்ணாம்புக் கல் வாங்கிக்கொண்டது. இப்போது மக்கியை இறுக்கி, மேலே கொங்கிறீற்றும் போட்டால் அது தாழ்ந்த வளவைத் தேடித்தானே போகும்?

வீடு கட்டி முடிந்த பிறகு பார்க்கலாம் என்று விடவும் முடியாது. கேடு நடப்பது கட்டும்போதுதான். ஆடியும் மார்கழியும் ஆகாதென்று பலர் ஆவணியில் கல் வைக்கிறார்கள், மழை வரும்போது கிடங்கு திறந்தபடி கிடக்கிறது. அத்திவாரத்தை மழைக்கு முன் நிரவச் சொல்லலாம். மணலுக்குப் படங்கு போடச் சொல்லலாம். பள்ளப் பக்கத்தில் ஒரு முழ உயரத்துக்கு மண் வரம்பு கட்ட மேசன் ஒருவருக்கு அரை நாள் போதும். பீலியைக் கடைசி வேலையாக விடாமல் கூரை போட்டவுடனே பூட்டலாம். முதல் மழையைக் கழியவிட்டு, பிறகு வரும் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கலாம், மிஞ்சியதைக் கல் நிரப்பிய குழியில் இறக்கலாம். அந்தக் குழிக்குள் முற்றத்து அழுக்குத் தண்ணீர் போகவே கூடாது. நம் கல் வெடிப்பும் பொந்துமாக இருப்பது. மேலே ஊற்றியது வடிபடாமலே அயல் கிணற்றில் போய் நிற்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும் வழுக்கையாறு ஒன்றுதான். எங்களைப் போன்றவர்கள் கிணற்றில் அள்ளிக் குடிப்பதெல்லாம் காலுக்குக் கீழே கிடக்கும் மழை. அந்த மழையை மூன்று மாதம் பகையாளி போல் கடலுக்குத் துரத்துகிறோம், பிறகு சித்திரையில் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குக் காத்து நிற்கிறோம். ஒழுங்கை திருத்த வந்தால் பழைய றோட்டுக்கு மேலேயே கொங்கிறீற்றுப் போட்டு இன்னும் அரை அடி உயர்த்துகிறார்கள், ஆனால் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கிடையாது. மழைநீருக்கென்று நாட்டில் 2005இலேயே தேசியக் கொள்கை வந்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தி, மாநகர, நகர சபை எல்லைகளில் குறிப்பிட்ட வகைப் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கிராமத்துக் கிணறு மட்டும் என்ன பாவம் செய்தது?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். தயவுசெய்து கட்டட விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: கட்டும் காலத்திலும் கட்டிய பிறகும் இந்த வளவின் மழைத் தண்ணீர் எங்கே போகும்? விடை வரைபடத்தில் இல்லாவிட்டால் அனுமதி கொடுக்காதீர்கள். வாய்க்காலை மறிக்கிற மதிலுக்கு ஒப்பம் வைக்காதீர்கள். புரட்டாதியில் ஒரு தரம் உத்தியோகத்தரை அனுப்பி, திறந்து கிடக்கும் அத்திவாரங்களைப் பார்க்கச் செய்யுங்கள். தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள், அவ்வளவுதான்.

அதற்கு முன், அந்த மூன்று டிப்பர் மக்கியை மதகு வாயிலிருந்து எடுப்பிக்க வேண்டும். வேலை நடக்கும் வளவுக்காரருடன் கதைத்துவிட்டேன், சபை ஒரு வார்த்தை சொன்னால் தாமே அள்ளுவதாகச் சொல்கிறார். கிணற்றுக் கட்டை நாங்கள் பூசிவிட்டோம். அம்மா ஒவ்வொரு நாளும் விடிய முதல் வாளியை இழுத்துக் கட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறார்.

நன்றியுடன்,
மதகடி ஒழுங்கையில் குடியிருக்கும் ஒருத்தி