கிளாம்ப் போட்ட நேரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உறுப்புக் கொடை பற்றிய செய்திகளில், ஆம்புலன்ஸ் எத்தனை கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் கடந்தது என்ற கணக்கு தவறாமல் வருகிறது. போக்குவரத்துக் காவலர்களின் உழைப்பு மெச்சத்தக்கதே. ஆனால் உறுப்புக்கான கெடு ஓடத் தொடங்குவது அதற்கு வெகுமுன்பு, கொடையாளரின் பெருந்தமனியில் கிளாம்ப் (ரத்தக்குழாயைக் கவ்வி அடைக்கும் இடுக்கி) விழுந்து, உறுப்பைப் பாதுகாக்கும் குளிர்கரைசல் பாயும்போது. அங்கிருந்து இதயத்துக்கு 4 மணி நேரம், நுரையீரலுக்கு 6 முதல் 8, கல்லீரலுக்கு 12க்குள். சிறுநீரகம் 24 மணி நேரமும் அதற்கு மேலும் தாங்கும். ஆனால் தாமதம் கூடக் கூட, பொருத்திய பின்பும் சில நாள் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பு ஏறும்.

'ஐஸில் வைத்துக் கொண்டு செல்லப்பட்டது' என்ற வரியையும் திருத்த வேண்டும். உறுப்பின் மீது ஐஸ் நேரடியாகப் படவே கூடாது. பட்ட இடம் உறைந்து செத்துப்போகும். முதல் பையில் கரைசலுக்குள் உறுப்பு முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். காற்றை வெளியேற்றிவிட்டுக் கட்ட வேண்டும், ஏனென்றால் காற்று நிற்கும் இடத்தில் குளிர் ஏறாது. இரண்டாவது பையில் குளிர்ந்த சலைன் (உப்புநீர்), அதைச் சுற்றி மூன்றாவது பை. பெட்டியில் இருக்க வேண்டியது உருகத் தொடங்கிய நொறுக்கு ஐஸ். அது 0 டிகிரியிலேயே நிற்கும். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஜெல் பேக் அதற்குக் கீழே இழுத்துவிடும். உலர் ஐஸ் மைனஸ் 78 டிகிரி, பக்கத்திலேயே வரக்கூடாது.

குளிர் மட்டும் போதுமென்றால் சலைனே போதுமே! 4 டிகிரியில் செல்லின் ஆற்றல் தேவை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. கூடவே, சோடியத்தை வெளியே தள்ளும் பம்பும் நின்றுவிடுகிறது. சோடியம் உள்ளே புக, தண்ணீரும் பின்னால் போய், செல் ஊதிவிடும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்டும் 1980களில் உருவாக்கிய யூ.டபிள்யூ. கரைசல் இதைத்தான் தடுக்கிறது. அதிலுள்ள லாக்டோபயோனேட்டும் ராஃபினோஸும் செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய மூலக்கூறுகள்; தண்ணீரை வெளியிலேயே பிடித்து வைக்கும். குளுட்டதையோனும் அலோபியூரினாலும், மறுபடி ரத்தம் பாயும்போது ஆக்சிஜனால் வரும் சேதத்தைக் குறைக்கச் சேர்த்தவை.

இதில் பொட்டாசியம் லிட்டருக்கு சுமார் 125 மில்லிமோல். கல்லீரலைப் பொருத்தி ரத்தத்தைத் திறந்துவிடும் முன் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக்கரைசலோ ஆல்புமின் என்ற புரதக் கரைசலோ விட்டுக் கழுவாவிட்டால், அத்தனையும் பெறுபவரின் இதயத்துக்குப் போகும். இதயம் மேசையிலேயே நின்றுபோகலாம். இன்னொரு கரைசலான ஹெச்.டி.கே.யில் பொட்டாசியம் குறைவு, தண்ணீர்போல் ஓடும். ஆனால் யூ.டபிள்யூ. 3, 4 லிட்டர் போதுமான இடத்தில் இது 8 முதல் 10 லிட்டர் வேண்டும். அதே நான்கு லிட்டரோடு நிறுத்திக்கொள்வது சிக்கனமல்ல, தவறு.

உறுப்பை எடுக்கும் அறுவை அரங்கில் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. கரைசல் ஓடும்போது கல்லீரல் ஒரே சீராக வெளிற வேண்டும். கீழ்ப்பெருஞ்சிரை வழியே வெளிவரும் நீர் தெளிய வேண்டும். சிரையைத் திறந்துவிட மறந்தால் கல்லீரல் வீங்கி நிற்கும். சிறுநீரகங்கள் மட்டும் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தால், பெருந்தமனியில் விட்ட குழாயின் முனை சிறுநீரகத் தமனிகளைத் தாண்டி மேலேறியிருக்கலாம். சற்றுக் கீழே இழுக்க வேண்டும். பித்தநாளத்தையும் கழுவ வேண்டும். தேங்கிய பித்தம் உட்படலத்தை அரிக்கும். அதன் விளைவு நாளச் சுருக்கமாக, பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

எனவே செய்தியில் இரண்டு நேரங்களைச் சேர்த்து எழுதுங்கள்: கிளாம்ப் போட்டது எப்போது, பெறுபவரின் உடலில் ரத்தம் திறந்துவிடப்பட்டது எப்போது. இரண்டும் அறுவை அரங்கப் பதிவுகளில் இருப்பவை. கொடையாளரின் பெயரையோ முகவரியையோ கேட்காமலேயே மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் இவற்றைக் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
உறுப்பு மாற்று அறுவை அரங்கப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.